ரூத் ஹாரியட் லூயிஸ்: ஹரெலுக்கு முன்னால் எம்.ஜி.எம்.மில் படம் எடுத்தது யார்?

கேள்வி: வாசகர் ஒருவர், 4 மார்ச், காலை 9.12

ஹாலிவுட் நட்சத்திர உருவப்படம் என்றாலே ஜார்ஜ் ஹரெல்தான். அவருக்கு முன்னால் எடுத்ததெல்லாம் பாஸ்போர்ட் படம் மாதிரி இருக்கும். இப்போது ரூத் ஹாரியட் லூயிஸ் என்று ஒரு பெண்மணியைப் பெரிதாகப் பேசுகிறார்கள். எம்.ஜி.எம். படக் கம்பெனியில் ஐந்து வருடம்கூட முழுதாக இருக்காதவர். பெண் என்பதால் தூக்கிப் பிடிக்கிறார்களா, உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா?

4 மார்ச், இரவு 10.25

சரக்கு இருக்கிறது. "ஐந்து வருடம்கூட" என்பதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அதற்குத் தனியாக வருகிறேன்.

ரூத் பிறந்தது 1903 ஜனவரி 13, நியூயார்க்கில். அப்பா ராபை, அதாவது யூத மதகுரு. வளர்ந்தது நியூஜெர்சியில். நிக்கோலஸ் முரே என்ற புகைப்படக்காரரின் நியூயார்க் ஸ்டூடியோவில் தொழில் பழகிவிட்டு, 1922-இல் நியூ பிரன்ஸ்விக் ஊரில் சொந்தமாகக் கடை போட்டுவிட்டார். 1925-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போய், ஹாலிவுட் புலவார்டும் வைன் தெருவும் சந்திக்கிற இடத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. அந்தக் கோடையிலேயே எம்.ஜி.எம். அவரை உருவப்படப் பிரிவுக்குப் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. வயது 22. எம்.ஜி.எம்.முக்கே அப்போது ஒரு வயதுதான் ஆகியிருந்தது, மூன்று கம்பெனிகள் சேர்ந்து அது உருவானது 1924 ஏப்ரலில்.

சிபாரிசு இல்லாமலா என்று கேட்பீர்கள். இருந்தது. நடிகை கார்மெல் மையர்ஸ் அவருக்குச் சொந்தம். அதே 1925-இல் வந்த பிரமாண்ட 'பென்-ஹர்' படத்தில் நடித்தவர். அண்ணன் மார்க் சாண்ட்ரிச்சும் சினிமாவில்தான் இருந்தார். ஆனால் சிபாரிசு உங்களை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். அப்புறம் கிரெட்டா கார்போ மாதிரி ஒரு நட்சத்திரம் எதிரே வந்து உட்காருவார், நீங்கள் படம் எடுத்துக் காட்ட வேண்டும்.

4 மார்ச், இரவு 10.41

ஒன்று விட்டுப்போனது. ஹாலிவுட்டில் அவர் எடுத்து அச்சில் வந்த முதல் படம் நடிகை வில்மா பாங்கியுடையது. 'ஃபோட்டோபிளே' இதழ், 1925 செப்டம்பர். பெயரோடு வந்தது. "அந்தக் காலத்தில் பெயரே போடமாட்டார்கள், அதனால்தான் அவரை யாருக்கும் தெரியவில்லை" என்று இதே தளத்தில் வேறோர் இழையில் படித்தேன். ரசிகர் இதழ்களின் முழுப்பக்கப் படங்களுக்குக் கீழே எடுத்தவர் பெயர் வரும். படத்தின் பின்பக்கத்தில் முத்திரையும் இருக்கும். அவர் காலத்தில் அவர் பெயர் தெரியாமல் போகவில்லை. மறந்தது பிற்பாடு.

5 மார்ச், காலை 7.50

எம்.ஜி.எம்.மில் அவர் எடுத்தது ஒரு லட்சம் படம் இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். "அடித்து விடுகிறார்கள்" என்று ஒருவர் தனி மடலில் சிரித்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1925 கோடையிலிருந்து 1929 கடைசி வரை நாலரை வருடம். வருடத்துக்கு முந்நூறு வேலை நாள் என்று வைத்தால், ஒரு நாளைக்கு எழுபது, எழுபத்தைந்து படம் வருகிறது.

இன்றைக்கு அது ஒன்றுமில்லை, கல்யாண மண்டபத்தில் மாலை மாற்றும்போதே அதைத் தாண்டிவிடுவார்கள். அன்றைக்கு 8-க்கு 10 அங்குலத் தாள் பிலிம். ஒரு ஹோல்டரில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, ஆக இரண்டே படம். எழுபது படத்துக்கு முப்பத்தைந்து ஹோல்டர். ஒவ்வொரு தடவையும் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் முகத்தை ஃபோகஸ் செய்து, ஹோல்டரைச் சொருகி, தகட்டை உருவி, லென்ஸைத் திறந்து மூடி, தகட்டைத் திரும்பப் போட்டு, ஹோல்டரைத் திருப்பி... உதவியாளர் இல்லாமல் நடக்காது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எதிரே இருக்கிற முகத்தை உயிரோடு வைத்திருக்க வேண்டியது எடுக்கிறவர்தான்.

ஒரு லட்சம் என்பதை நம்புகிறேன். தினமும் எழுபது என்பதை நம்பவில்லை. ஒரு நாள் நூற்றைம்பது, மறுநாள் ஒன்றுமில்லை என்றுதான் இருந்திருக்கும். நட்சத்திரம் படப்பிடிப்பு முடிந்து எப்போது ஒழிகிறாரோ அப்போதுதானே இவருக்கு வேலை.

5 மார்ச், இரவு 11.05

"பாஸ்போர்ட் படம் மாதிரி" என்றதற்கு வருகிறேன். எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான்.

கும்பகோணத்தில் என் மாமா ஸ்டூடியோ வைத்திருந்தார். பள்ளிக்கூடம் முடிந்த வயதில் எனக்கு அங்கே டச்சிங் வேலை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நெகட்டிவைச் சாய்வான மேஜையில், பின்னால் விளக்கு வைத்து மாட்டுவோம். அதன் மேல் மீடியம் என்று ஒரு திரவத்தைத் தடவினால்தான் பென்சில் பிடிக்கும். பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஆக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால், நெகட்டிவில் அந்த இடம் வெளிறி, மெலிந்து தெரியும். அங்கே புள்ளி புள்ளியாகப் பென்சில் வைத்தால் பிரிண்டில் கருவளையம் போய்விடும். எங்காவது கறுக்க வேண்டுமென்றால் கத்தியால் மெல்லச் சுரண்டுவோம். சுரண்டியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மாமா கத்தியை என் கையில் கொடுக்கவே மாட்டார்.

அந்த வேலை பார்த்தவன் கண்ணால் 1925, 26-இல் ரூத் எடுத்ததைப் பார்க்கிறேன். அன்றைக்குப் பரவலாக இருந்தது ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம். அதற்குச் சிவப்பு தெரியாது. சிவந்த உதடு கறுப்பாக விழும். நீலக் கண் வெளிறிப் பேய்க்கண்ணாகிவிடும். முகத்தில் லேசாக இருக்கும் செம்பழுப்புப் புள்ளியெல்லாம் கரும்புள்ளியாகும். நடிகை ஜோன் கிராஃபோர்டுக்கு முகம் முழுக்க அந்தப் புள்ளிகள் இருந்தன என்பது ஊரறிந்த விஷயம். அப்படிப்பட்ட பிலிமில், அப்படிப்பட்ட முகத்தை, வருடக்கணக்காக ரசிகர் இதழ்களுக்குத் தகுந்த மாதிரி எடுத்துக் கொடுத்தவரைப் போய் பாஸ்போர்ட் படம் என்கிறார் நம் நண்பர்.

டச்சிங் எம்.ஜி.எம்.மிலும் உண்டு, நிறையவே உண்டு. அதற்குத் தனி ஆட்கள். ஆனால் டச்சிங் போட வசதியான நெகட்டிவ் என்று ஒன்று இருக்கிறது, போடவே முடியாத நெகட்டிவ் என்று ஒன்று இருக்கிறது. வெளிச்சம் சீராக விழுந்து, நிழல் மெல்லக் கரைந்தால் பென்சிலுக்குப் பாதி வேலை மிச்சம். ரூத்தின் படங்களில் வெளிச்சம் பெரும்பாலும் அப்படித்தான் கரைகிறது. சிலர் "மங்கலாக இருக்கிறது" என்று சொல்வது அதைத்தான்.

6 மார்ச், காலை 8.15

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அந்த மென்மை முழுக்கப் பிலிமின் கட்டாயம் என்று யாராவது எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். இல்லை. மென்மையான லென்ஸ், ஓவியம் போன்ற தோற்றம் என்பது 1920-களின் ரசனை. அவர் குருவான முரேயும் அந்தச் சூழலில் வளர்ந்தவர்தான். 1920-களின் பிற்பாதியில் எல்லா நிறமும் பதிகிற பான்குரோமாட்டிக் பிலிம் பரவியது. 1928 வாக்கில் படப்பிடிப்புத் தளங்களிலேயே ஆர்க் விளக்கு போய் டங்ஸ்டன் பல்பு வர ஆரம்பித்துவிட்டது. அப்போதும் ரூத் மென்மையை முழுசாக விடவில்லை. கட்டாயம் பாதி, விருப்பம் பாதி. அந்த விருப்பத்துக்கு அவர் பிற்பாடு விலை கொடுத்தார்.

6 மார்ச், மதியம் 1.30

ஸ்டில்லையும் உருவப்படத்தையும் போட்டுக் குழப்புகிறார் இன்னொரு நண்பர். படப்பிடிப்பு நடக்கும்போது செட்டில் எடுப்பது ஸ்டில். அதற்குத் தனி ஆட்கள், அந்தத் துறைக்குத் தலைவர் கிளாரன்ஸ் சின்க்ளேர் புல். ரூத் வேலை பார்த்தது உருவப்பட ஸ்டூடியோவில். அங்கே கதை இல்லை, காட்சி இல்லை. நட்சத்திரமும் அவரும்தான். நம்மூர் சினிமாக்காரர்கள் எல்லாவற்றையும் "ஸ்டில்ஸ்" என்றே சொல்லிவிடுவதால் இந்தக் குழப்பம்.

7 மார்ச், இரவு 9.40

கார்போ.

கிரெட்டா கார்போ ஸ்வீடனிலிருந்து ஹாலிவுட் வந்து சேர்ந்தது 1925 செப்டம்பரில். ரூத் அங்கே வேலைக்குச் சேர்ந்து சில வாரமோ மாதமோ ஆகியிருக்கும். கார்போவுக்கு இருபது, ரூத்துக்கு இருபத்திரண்டு. கார்போவுக்கு ஆங்கிலம் தடுமாற்றம். இந்தப் பெண்ணை என்ன செய்வது என்று விளம்பரப் பிரிவுக்கே தெரியவில்லை. பல்கலைக்கழக ஓட்டப் பந்தய வீரர்களோடு கால்சட்டை போட்டு நிற்க வைத்தார்கள். கம்பெனிச் சின்னமான சிங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்தச் சிங்கப் படத்தைத் தேடிப் பாருங்கள், கார்போ முகத்தில் இருக்கும் பயத்துக்கு நடிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

அதே மாதங்களில் ரூத்தின் ஸ்டூடியோவில் எடுத்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைமுடியை ஒரு தடவை மேலே ஏற்றி, ஒரு தடவை இறக்கி, கழுத்து வரை துணி சுற்றி, அப்புறம் வெறும் தோளோடு. ஒவ்வொன்றிலும் வேறு ஆள். முதல் வருடம் அவர் தேடிக்கொண்டிருக்கிறார் என்று தெரிகிறது. 1927, 28 வரும்போது தேடல் நின்றுவிடுகிறது. பாதி மூடிய இமை, சற்றே பின்னால் சாய்ந்த தலை, நம்மைப் பார்க்காத பார்வை. உலகமே பிற்பாடு "கார்போ" என்று அறிந்த முகம் அதுதான். திரையில் அதைக் கொண்டுவந்ததில் ஒளிப்பதிவாளர் வில்லியம் டேனியல்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அசையாத படத்தில், தியேட்டர் வாசலிலும் இதழ்களிலும் அந்த முகத்தை நிறுத்தியது ரூத்.

கார்போ கண்டவர்களுக்கெல்லாம் உட்கார மாட்டார். 1925-இலிருந்து 1929 வரை எம்.ஜி.எம். உருவப்படங்களுக்குப் பெரும்பாலும் இவரிடம்தான். அதற்குப் பிறகு புல். புல் எடுத்தவைதான் இன்றைக்குச் சுவரொட்டியாக விற்கின்றன. கார்போ தலையை எகிப்திய ஸ்பிங்ஸ் சிலையில் ஒட்டிய படமும் அவர் கைங்கரியம்தான். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருகிறது, மன்னிக்கவும்.

7 மார்ச், இரவு 10.02

மேலே "தேடல் நின்றுவிடுகிறது" என்று பாராட்டாக எழுதினேன். திரும்பப் படிக்கும்போது அது பாராட்டுதானா என்று யோசிக்கிறேன். முதல் வருடத்துப் படங்களில்தான் எனக்கு விருப்பம் அதிகம். அந்தப் பெண் யார் என்று எடுத்தவருக்கும் தெரியாது, உட்கார்ந்தவருக்கும் தெரியாது. சரி, அது என் ரசனை.

9 மார்ச், காலை 6.55

"அன்றைய ஸ்டூடியோ முழுக்க ஆண்கள் ராஜ்ஜியம், அதில் தனியாக ஒரு பெண்" என்று ஒருவர் உருக்கமாக எழுதியிருக்கிறார். பாதி சரி. ஊமைப்பட ஹாலிவுட்டில் பெண்கள் இன்றைக்கு நாம் நினைப்பதைவிட அதிகம். எம்.ஜி.எம்.மிலேயே கதை எழுதியவர்களில் ஃபிரான்சிஸ் மேரியன் பெரிய தலை, பிற்பாடு இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். படத்தொகுப்பில் மார்கரெட் பூத், 1960-கள் வரை அங்கேயே கோலோச்சியவர். 1927-இலிருந்து பாரமவுண்டில் டோரதி ஆர்ஸ்னர் படம் இயக்கிக்கொண்டிருந்தார்.

எழுத்தும் வெட்டி ஒட்டுவதும் பெண்கள் செய்யலாம் என்று விட்டிருந்தார்கள். கேமராப் பக்கம்தான் வரவிடவில்லை. பெரிய ஸ்டூடியோக்களின் உருவப்படப் பிரிவில் அந்த வருடங்களில் கேமராவுக்குப் பின்னால் நின்ற பெண் ரூத் ஒருவர்தான். "தனியாக ஒரு பெண்" என்பது அந்த அறைக்குப் பொருந்தும், மொத்த ஸ்டூடியோவுக்கும் பொருந்தாது.

9 மார்ச், காலை 7.10

பெயர் பற்றிக் கேட்டவருக்கு: இயற்பெயர் ரூத் கோல்ட்ஸ்டீன். தொழிலுக்காக ரூத் ஹாரியட் லூயிஸ். அண்ணனும் கோல்ட்ஸ்டீனை விட்டுவிட்டுச் சாண்ட்ரிச் ஆனார். 1935-இல் 'டாப் ஹாட்' இயக்கியது அவர்தான். ஃபிரெட் அஸ்டேர் ஆட்டம் பார்த்திருப்பீர்கள். ஆக, ஒரு ராபை வீட்டிலிருந்து அண்ணனும் தங்கையும். கார்மெல் மையர்ஸின் அப்பாவும் ராபை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

11 மார்ச், இரவு 11.30

ஹரெல். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

வழக்கமாகச் சொல்லும் கதை இது. நார்மா ஷியரர் எம்.ஜி.எம்.மின் பெரிய நட்சத்திரம், தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பர்கின் மனைவி. 'தி டிவோர்சி' படத்தின் நாயகி வேடம் அவருக்கு வேண்டும். கணவனைப் பழிவாங்கத் துணிகிற பெண் வேடம். "உனக்கு அந்தக் கவர்ச்சி வராது" என்பது வீட்டுக்காரர் எண்ணம். எம்.ஜி.எம். நடிகர் ரமோன் நொவாரோ வெளியே ஹரெல் என்ற இளைஞரிடம் எடுத்துக்கொண்ட படங்களைப் பார்த்துவிட்டு, ஷியரர் அவரிடம் போய் முடியைக் கலைத்து, தோள் தெரிய, கால் தெரியப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார். தால்பர்க் பார்க்கிறார். வேடம் கிடைக்கிறது. படம் 1930-இல் வருகிறது, ஷியரருக்கு ஆஸ்கரும் கிடைக்கிறது. ஹரெலுக்கு எம்.ஜி.எம். வேலை. 1929 முடிவோடு ரூத் வெளியே.

நல்ல கதை. சம்பவங்களும் நடந்தவைதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு "ஹரெல் திறமைசாலி, ரூத் காலாவதி" என்று முடிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1929-இல் மாறியது எது என்று பாருங்கள். பேசும்படம் வந்தாயிற்று. ஊமைப்பட நட்சத்திரங்களில் பாதிப் பேருக்கு வேலை ஆட்டம் காண்கிறது. பழைய முகத்தை வைத்துக்கொண்டு புதிய ஆளாகத் தெரிய வேண்டும். ஷியரருக்குத் தேவைப்பட்டது இன்னொரு நல்ல ஷியரர் படம் அல்ல, ஷியரர் மாதிரி இல்லாத படம். அவருடைய நல்ல பெண் முகத்தை அத்தனை வருடம் கட்டிக் கொடுத்த ரூத்திடமே போய் "அதை உடை" என்று கேட்பார்களா? புது ஆளிடம்தான் போவார்கள்.

ஹரெலின் வெளிச்சம் வேறு. ஒற்றைக் கடும் வெளிச்சம், நீண்ட கழியில் மேலே தொங்கும் விளக்கு, கூர்மையான நிழல், பளபளக்கும் தோல், கூர்மையான லென்ஸ். பாட்டை அலற விட்டு, கத்தி, குதித்து எடுப்பாராம். அந்த நெகட்டிவுகளுக்குப் போட்ட டச்சிங்கை நினைத்தால் என் கழுத்து வலிக்கிறது. அது அபாரமான வேலை. 1930-க்குப் பொருந்திய வேலை.

12 மார்ச், காலை 7.20

இப்போது "ஐந்து வருடம்கூட".

ஹரெல் எம்.ஜி.எம்.மில் சம்பளத்துக்கு இருந்தது எத்தனை வருடம்? 1930 தொடக்கத்தில் சேர்ந்தார். விளம்பரப் பிரிவோடு முறைத்துக்கொண்டு கிளம்பி, 1933-இல் சன்செட் புலவார்டில் சொந்த ஸ்டூடியோவில் இருக்கிறார். கூடிப்போனால் மூன்று வருடம். ரூத் நாலரை. அளவுகோல் வருடம்தான் என்றால் யார் யாரைவிடக் குறைவு?

இதைத் தட்டச்சு செய்யும்போதுதான் எனக்கே இன்னொன்று தோன்றியது. 1970-களில்தான் இந்தப் பழைய உருவப்படங்களைக் கலை என்று சேகரிப்பாளர்கள் தேட ஆரம்பித்தார்கள். ஜான் கோபால் போன்றவர்கள் எடுத்தவர்களையே தேடிப் போய்ப் பேட்டி கண்டார்கள், கண்காட்சி வைத்தார்கள். அப்போது யார் உயிரோடு இருந்தது? ஹரெல் 1992 வரை இருந்தார். புல் 1979 வரை. கேட்பவர்களுக்குக் கதை சொல்ல, நெகட்டிவைப் பார்த்து "இது நான் எடுத்தது" என்று சுட்டிக்காட்ட அவர்கள் இருந்தார்கள். ரூத் 1940-லேயே இறந்துவிட்டார். ஷியரர் கதை நமக்குத் தெரிவதே ஹரெல் அதைப் பல தடவை சொன்னதால்தான். அதே நாட்களைப் பற்றி ரூத் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க யாருக்கும் வாய்ப்பே இல்லை.

கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான். இப்போது தூக்கிப் பிடிக்கவில்லை. முப்பது வருடம் தாமதமாகக் கணக்கில் சேர்க்கிறார்கள். 2002-இல் சான்டா பார்பரா கலை அருங்காட்சியகம் கண்காட்சி வைத்த பிறகுதான் பலருக்கும் அவர் பெயரே தெரியும்.

12 மார்ச், இரவு 9.15

"அப்படியானால் பெண் என்பதால் வெளியேற்றினார்கள் என்பது பொய்யா?" என்று கேட்கிறார்கள். மேலே எழுதியதை அப்படியும் படிக்கலாம்தான். கொஞ்சம் நிதானிக்கிறேன்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டதற்கு ரசனை மாற்றமே போதுமான காரணம். ஆண்களையும் அப்படித்தான் மாற்றினார்கள். ஆனால் அதற்குப் பிறகு யாரை அழைத்து வந்தார்கள் பாருங்கள். ஹரெல். அவர் போன பிறகு வேலை புல் தலையில். 1937-இல் லாஸ்லோ வில்லிங்கர். ஹரெலுக்கு எம்.ஜி.எம். போனால் வார்னர் இருந்தது, வார்னர் போனால் கொலம்பியா. இருபத்தாறு வயதில் ஒரு லட்சம் நெகட்டிவ் அனுபவத்தோடு வெளியே வந்த ரூத்துக்கு அப்படி அடுத்த ஸ்டூடியோ அமையவில்லை. வாசலில் வழியனுப்பும்போது ஆண் பெண் பார்க்காமல் இருந்திருக்கலாம். அடுத்த வாசலில் பார்த்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

13 மார்ச், காலை 8.40

தமிழ் சினிமாவில் இப்படி யாராவது பெண் உண்டா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வந்து படிக்கிறேன். இங்கே எம்.ஜி.எம்.மை விட்டு நகரமாட்டேன்.

15 மார்ச், இரவு 10.50

வெள்ளைக்காரர்களை மட்டும்தான் எடுத்தாரா என்ற கேள்வி நல்ல கேள்வி. 1929-இல் எம்.ஜி.எம். 'ஹாலலூயா' என்று முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்து ஒரு பேசும்படம் எடுத்தது. அதன் நாயகி நினா மே மெக்கினியை ரூத் எடுத்திருக்கிறார். 1927-இல் 'மிஸ்டர் வூ' படத்துக்கு வந்த ஆன்னா மே வாங்கையும் எடுத்திருக்கிறார்.

மெக்கினி படங்களை டச்சிங்காரன் கண்ணோடு பார்த்தேன். எங்கள் ஸ்டூடியோவில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கொஞ்சம் கலராக் காட்டுங்க தம்பி." பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் அம்மாக்காரி பக்கத்திலேயே நிற்பாள். பென்சிலால் கன்னத்தையும் நெற்றியையும் நிரப்பி நிரப்பி, கடைசியில் பிரிண்டில் மாவு பூசின முகம்தான் வரும். முகத்தில் இருக்கிற மேடு பள்ளமெல்லாம் போயிருக்கும். மாமா ஒன்றும் சொல்ல மாட்டார், வாங்குகிறவர் சந்தோஷப்பட்டால் சரி.

மெக்கினிக்கு ரூத் அதைச் செய்யவில்லை. தோலை வெளுக்கப் பார்க்காமல் அதன் மேல் விழும் வெளிச்சத்தை விட்டிருக்கிறார், கன்ன எலும்பும் கழுத்து வளைவும் அப்படியே நிற்கின்றன. பான்குரோமாட்டிக் பிலிம் வந்தது உதவியிருக்கும். ஆனாலும் பிலிம் மட்டும் அந்த முடிவை எடுக்காது. இந்தப் படங்களை அந்த வயதில் பார்த்திருந்தால் என் பென்சில் இன்னும் கொஞ்சம் கூச்சப்பட்டிருக்கும்.

16 மார்ச், காலை 6.30

லான் சேனியை எடுத்தாரா? எடுத்தார். ஜான் கில்பர்ட், ரமோன் நொவாரோ, மேரியன் டேவிஸ், 1928-இல் எம்.ஜி.எம். வந்த பிறகு பஸ்டர் கீட்டனும். கீட்டன் சிரிக்காத மனிதர் என்பதால் உருவப்படத்துக்குச் சிரமம் என்று நினைப்போம். எனக்கென்னவோ அவர்தான் எல்லோரையும்விடச் சுலபமான ஆள் என்று படுகிறது. அப்படியே உட்கார்ந்திருப்பார், பிலிம் பாட்டுக்குப் போகும்.

18 மார்ச், இரவு 9.05

பிற்கால வாழ்க்கை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாக.

1927-இல் இயக்குநர் லீ ஜேசனை மணந்தார். 1929 கடைசியில் எம்.ஜி.எம்.மை விட்டார். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனி வேலைகள். 1932-இல் ஐரோப்பாவிலிருந்து வந்த நடிகை ஆன்னா ஸ்டென்னை எடுத்ததுதான் கடைசிப் பெரிய வேலை என்று சொல்கிறார்கள். அவரைத்தான் இன்னொரு கார்போ ஆக்குகிறேன் என்று தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் கூட்டி வந்திருந்தார். கார்போவை உருவாக்கியவரிடமே அனுப்பினார் போல. அது பலிக்கவில்லை. 1932-இல் பிறந்த மகன் ஆறு வயதில் லூகேமியா என்ற இரத்தப் புற்றுநோயில் போய்விட்டான். 1940 அக்டோபர் 12-ஆம் தேதி, பிரசவச் சிக்கலில் ரூத் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. வயது 37.

"குடும்பத்துக்காகத் தொழிலைத் தியாகம் செய்தார்" என்று யாரும் இங்கே எழுத வேண்டாம். கல்யாணம் ஆகி இரண்டு வருடத்துக்கு மேல் எம்.ஜி.எம்.மில் முழு வேகத்தில் எடுத்துக்கொண்டுதான் இருந்தார். வேலை போன பிறகுதான் குழந்தை.

20 மார்ச், காலை 7.45

இந்த இழையைப் பார்த்துவிட்டு "ரூத் எடுத்த கார்போ படங்கள்" என்று ஒருவர் தொகுப்பு போட்டிருக்கிறார். முயற்சிக்கு நன்றி, ஆனால் இரண்டை எடுத்துவிடுங்கள்.

கறுப்பு உடையில், நாற்காலி முதுகில் சாய்ந்து, இரு கைகளாலும் முடியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும் படம் ரூத்துடையது அல்ல. அது 1928-இல் எட்வர்ட் ஸ்டைகன் 'வேனிட்டி ஃபேர்' இதழுக்காக எம்.ஜி.எம்.முக்கே வந்து எடுத்தது. படப்பிடிப்பு இடைவேளையில் சில நிமிடங்களில் எடுத்தாராம். இன்னொன்று 'கிராண்ட் ஹோட்டல்' படத்துக்கானது. அந்தப் படம் 1932. ரூத் அங்கே இல்லை.

மற்றவற்றுக்கு ஒரு வழி: எந்தப் படத்துக்கான உருவப்படம் என்று முதலில் பாருங்கள். 1926-இல் வந்த 'தி டாரன்ட்' முதல் 1929-இல் வந்த 'தி சிங்கிள் ஸ்டாண்டர்ட்' வரை என்றால் ரூத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குப் பிந்தியது என்றால் புல்லைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். விற்பனைக்கு வரும் அசல் பிரிண்ட் என்றால் பின்பக்கத்தைப் படம் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், முத்திரை இருந்தால் வேலை முடிந்தது. முன்பக்கத்தை மட்டும் காட்டுகிறவரிடம் வாங்காதீர்கள்.